புறநானூறு 229இல் நாண்மீன்களின் பெயர்ச்சி: காலக்கணிப்புக்கு அதன் பயனும் எல்லையும்

திறவுச்சொற்கள்: நாண்மீன், உச்சிவட்டம், அயனச் சலனம், கூடலூர் கிழார், புறநானூறு

கோச்சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை மறைந்தபோது கூடலூர் கிழார் பாடியது புறநானூற்றின் 229ஆம் பாடல். பங்குனி மாதத்து நள்ளிரவில் வானினின்று ஒரு மீன் எரிந்து வீழ்ந்ததையும், அரசனுக்குத் தீங்கு நேருமோ எனத் தாம் அஞ்சியதையும், ஏழாம் நாள் அவன் இறந்ததையும் புலவர் கூறுகிறார். வானநிலைக் குறிப்புகள் இத்துணைச் செறிந்த பாடலைக் கொண்டு, கணினி மென்பொருளின் துணையால் அவ்வரசன் இறந்த ஆண்டையே கண்டுவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆய்வின் தொடக்கத்தில் இக்கட்டுரையாளரும் அவ்வாறே கருதினார். கணக்கிட்டுப் பார்த்தபோது கிடைத்த விடை வேறாக இருந்தது.

பாடலின் பழைய உரை மூன்று நாண்மீன்களைச் சுட்டுகிறது. உத்தரம் உச்சியினின்று சாய்கிறது. அதற்கு எட்டாவதான மூலம் எதிரே எழுகிறது. உத்தரத்திற்கு முன்சென்ற எட்டாவது மீனாகிய மிருகசீரிடம் மேற்கே தாழ்கிறது. இம்மூன்றும் ஒரே வேளையில் நிகழக் காரணம் என்ன?

புவி மேற்கிலிருந்து கிழக்காகத் தன்னைத்தானே சுழல்வதால், வானம் முழுவதும் கிழக்கிலிருந்து மேற்காகச் சுழல்வதாகத் தோன்றுகிறது. ஒரு சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம் ஆகிறது. அஃதாவது ஒரு நாழிகைக்கு ஏறத்தாழ 6 பாகை. நாண்மீன்கள் தமக்குள் இடம் மாறுவதில்லை. ஒரே பின்னலாக நகர்கின்றன. 27 நாண்மீன்களுக்கும் வட்டத்தைப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 13 பாகை 20 கலை. மூலம் உத்தரத்திலிருந்து எட்டாவது எனில் இடையே ஏழு படிகள். மொத்தம் 93 பாகை 20 கலை. இது கால் வட்டத்தைவிடச் சற்றே மிகுதி. உச்சிக்கும் அடிவானத்துக்கும் இடைப்பட்டதும் கால் வட்டமே. ஆகவே ஒரு மீன் உச்சியில் நிற்கையில் முன்னெட்டு மறைவதும் பின்னெட்டு எழுவதும் வானத்தின் அமைப்பிலேயே உள்ளவை. பாடலில் இவை கடிகாரத்தின் முட்களைப் போலப் பயன்படுகின்றன. இச்சுழற்சிக்கு உட்படாமல் வீழ்ந்த ஒரு மீனே அன்றைய இரவின் செய்தி.

வட்டத்திற்கு 24 மணி நிரம்பாமல் 4 நிமிடம் குறைவதால், ஒவ்வொரு மீனும் நாள்தோறும் அத்துணை முன்னதாக உச்சியை அடைகிறது. எனவே ‘நள்ளிரவில் உத்தரம் உச்சியில்’ என்பது ஆண்டுக்கு ஒருமுறை, குறிப்பிட்ட சில நாள்களில் மட்டுமே பொருந்தும். பழைய உரை குறிக்கும் பங்குனி முதற்பதினைந்துடன் இது நன்கு ஒத்துவருகிறது. ஆயினும் சிக்கலும் இங்கேதான் உள்ளது. தமிழ் மாதங்கள் கதிரவன் நாண்மீன்களிடையே நிற்கும் இடத்தைக்கொண்டு வகுக்கப்பட்டவை. மதிமாதமாகக் கொண்டாலும் நிறைமதி நிற்கும் நாண்மீனே அதற்குப் பெயர் தருகிறது. எவ்வகையாயினும் பங்குனி உத்தரத்தோடு பிணைந்தே நிற்கும். ஆகவே இக்குறிப்பு எல்லா ஆண்டுக்கும் பொருந்தும். எந்த ஆண்டையும் தனித்துக் காட்டாது.

எஞ்சுவது அயனச் சலனம் ஒன்றே. புவியின் அச்சு மெல்லத் திசைமாறுவதால் மீன்களின் எழுகையும் மறைவும் நூற்றாண்டுகளில் சிறிது வேறுபடும். ஒரு பாகைக்கு ஏறத்தாழ 72 ஆண்டுகள். உத்தரத்திற்குச் சிங்க மண்டலத்து வால்மீனையும், மூலத்திற்குத் தேள் மண்டலத்துக் கொடுக்குமீனையும், மிருகசீரிடத்திற்கு ஓரியன் மண்டலத்துத் தலைமீனையும் கொண்டு, வட அட்சரேகை 11 பாகைக்குக் கணக்கிட்டதில் கிடைத்தவை இவை. கி.பி. 2ஆம் நூற்றாண்டின் நடுவில், உத்தரம் உச்சிவட்டத்தைக் கடப்பதற்கு ஏறத்தாழ 10 நிமிடம் முன்பாக மிருகசீரிடம் மறைந்தது. மூலமும் அதே வேளையில் எழுந்தது. இன்று மிருகசீரிடம் ஏறத்தாழ 5 நிமிடம் முன்பு மறைகிறது. மூலம் 20 நிமிடம் கழித்து எழுகிறது. பதினெட்டு நூற்றாண்டுகளில் ஏற்பட்ட மாற்றம் மிகுதியாகக் கொண்டாலும் அரைமணி நேரமே. உத்தரம் ‘உச்சியினின்று சாய்ந்தது’ என்ற சொல்லாட்சியே அவ்வளவு நெகிழ்ச்சியை இடங்கொடுக்கும்போது, அதைக்கொண்டு நூற்றாண்டை முடிவு செய்வது எங்ஙனம்?

இங்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். எல். டி. சுவாமிக்கண்ணு பிள்ளை பரிபாடலின் 11ஆம் பாடலை ஆராய்ந்து கி.பி. 634 என்னும் ஆண்டைக் கண்டார். அம்முடிவை அனைவரும் ஏற்றிலர். ஆயினும் அவர் கையாண்ட சான்று வேறு வகையினது: கோண்மீன்களின் நிலைகளும் மதிமறைப்பும். கோள்கள் ஒவ்வொன்றும் தனித்தனி வேகத்தில் இடம்பெயர்வதால் அவை கூடிநிற்கும் அமைப்பு எளிதில் மீள்வதில்லை. பட்டினப்பாலை நாண்மீனையும் கோண்மீனையும் வேறுபடுத்தியே பேசுகிறது. இன்றைய காலக்கணிப்பு முயற்சிகளில் அவ்வேறுபாடு போதிய அளவு கருதப்படவில்லை என்பது என் எண்ணம்.

ஆண்டைக் காட்டாத இவ்வானம் இடத்தைப் பற்றி ஏதேனும் கூறுகிறதா என்பதும் பார்க்கத்தக்கது. மூலம் தென்வானத்து மீன். வடக்கே செல்லச் செல்லத் தாமதமாக எழும். அதே 2ஆம் நூற்றாண்டில் டெல்லியின் அட்சரேகையில் நின்றவருக்கு, உத்தரம் உச்சிவட்டம் கடந்து முக்கால் மணி நேரம் கழிந்த பின்னரே மூலம் எழுந்திருக்கும். ஒன்று சாய, ஒன்று எழ, ஒன்று தாழ என்று அடுத்தடுத்துச் சொல்லும் வாய்ப்பு தென்னகத்தில் நின்று நோக்கியவருக்கே இயல்பாக அமைகிறது. எட்டெட்டாக எண்ணும் மரபை மட்டும் அறிந்து, வானை நோக்காமலே ஒருவர் இவ்வாறு எழுதியிருக்கவும் கூடும். அதை மறுக்கும் வலிமை இக்கணக்கிற்கு இல்லை. எனினும் நேரில் கண்டார் எனக் கொள்வதற்கு இது தடையாகவும் இல்லை.

பங்குனி முதல் வாரத்தில் தமிழகத்தில் எவரும் இதைச் சரிபார்க்கலாம். கடிகாரத்தில் 12 மணி 25 நிமிட அளவில்தான் அங்கு உண்மையான நள்ளிரவு. தென்கிழக்கும் மேற்கும் திறந்த வெளியில் நின்றால், தலைக்கு மேல் உத்தரமும், மேற்கே மறைந்துகொண்டிருக்கும் ஓரியனும், சற்று நேரத்தில் தென்கிழக்கே தேளின் கொடுக்கும் புலப்படும். அடிவானத்தை ஒட்டிய மூட்டத்தில் கொடுக்குமீன் கண்ணுக்குத் தெரியச் சில நிமிடங்கள் கூடுதலாகவே ஆகும்.