பின்னின்று தள்ளும் மலை ரயில்

திருப்பூர் வழியே ஓடிய நீராவி வண்டிகளை என்ஜின் முன்னின்று இழுத்தது. மேட்டுப்பாளையத்தினின்று குன்னூருக்கு 1899-ல் திறக்கப்பட்ட மலைப்பாதையிலோ, அது பின்னின்று தள்ளுகின்றது. கல்லாறு கடந்ததும் 12½ அடி தூரத்திற்கு 1 அடி வரை ஏற்றம் உண்டு. அங்கே இணைப்பு அறுபட்டாலும் பெட்டிகள் உருண்டோடாமல், கீழ்ப்புறம் நிற்கும் என்ஜின் தாங்கிக்கொள்ளும். பெட்டிகளின் முகப்பில் பிரேக்குக்காரர் நிற்பதும் இதன்பொருட்டே.

இத்தகைய ஏற்றத்தில் வழவழப்பான தண்டவாளம் சக்கரத்திற்குப் போதிய பிடி கொடாது. ஆகவே நடுவே இரட்டைப் பற்சட்டம் பதித்துள்ளனர்; என்ஜினின் பற்சக்கரங்கள் அதைப் பற்றி ஏறும். சுவிட்சர்லாந்திலும், பிற்காலத்தில் திருச்சிப் பொன்மலையிலும் செய்யப்பட்ட எக்ஸ் வகை என்ஜினின் சிக்கனம் மெச்சத்தக்கது. இரு சிலிண்டர்களில் உழைத்து அழுத்தம் குறைந்த நீராவி, வீணே வெளியேறாமல், வேறிரு சிலிண்டர்களுட் புகுந்து பற்சக்கரங்களைச் சுழற்றுகின்றது. சமதரையில் இவ்விரண்டாம் வேலை அதற்கு இல்லை. நேரே புகைபோக்கி வழியே போய்விடும்.