வாய்ச்சொல்லில் நடந்த வியாபாரம்



பட்டிப்பொல புகையிரத நிலையம் கடல் மட்டத்திலிருந்து 6200 அடிக்கும் மேலே இருக்கிறது. இலங்கையில் இதைவிட உயரத்தில் வேறொரு நிலையம் இல்லை. அந்தக் குளிருக்குள்ளும் பனிக்குள்ளும் ஒரு கைபேசியும் ஒரு ஹெட்போனும் இருந்தால் போதும். நியூயோர்க் தெருவில் பிறந்த இசை பிள்ளையின் அறைக்குள் வந்துவிடுகிறது. "என்ன மகன் செய்றீங்க?" என்று கேட்டால், "பாட்டு மிக்ஸ் பண்றேன் உம்மா" என்று பதில் வருகிறது. நாளைக்கு, "நான் டீ.ஜே. ஆகப் போறேன்" என்றும் அவன் சொல்லலாம்.

ஏசுவது இலகு. ஆனால் உம்மாவுக்கு விளங்காத ஒன்றைப் பற்றி உம்மா ஏசினால் பிள்ளையின் காதில் அது ஏறாது. இசையைப் பற்றிய மார்க்கத் தீர்ப்பு தனியாக விரித்து எழுத வேண்டிய விஷயம்; உங்கள் ஊர் ஆலிம்களிடம் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே நாம் பார்க்கப்போவது இந்தத் தொழிலின் கணக்கு வழக்கை மட்டும். யாருடைய பொருளை வைத்து இந்தப் பிழைப்பு நடக்கிறது? அந்தச் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்டார்களா? இதுதான் நமது கேள்வி.

எப்படித் தொடங்கியது?

1973ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் திகதி. நியூயோர்க் நகரின் பிரொங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவெனியூ 1520ஆம் இலக்க அடுக்குமாடிக் கட்டடம். சின்டி கெம்பல் என்ற இளம் பெண்ணுக்கு, பாடசாலை தொடங்குமுன் புது உடுப்பு வாங்கக் காசு வேண்டியிருந்தது. அந்தக் கட்டடத்திலேயே ஒரு விருந்து வைத்து, வருவோரிடம் நுழைவுக் கட்டணம் வாங்கினார். பாட்டுப் போட்டவர் அவருடைய அண்ணன் கிளைவ் கெம்பல். ஜமெய்க்காவிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் அது. 'கூல் ஹேர்க்' என்ற பெயரில் உலகம் அறிந்தவர் இவர்தான். ஹிப் ஹொப் இசையின் பிறந்த நாளாக இன்று அந்த நாளையே குறிப்பிடுகிறார்கள். தங்கையின் உடுப்புச் செலவுக்காக நடந்த ஒரு காரியம் இவ்வளவு தூரம் போயிற்று!

கூல் ஹேர்க் கையாண்ட உத்தி எளிமையானது. பாட்டில் மேளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதி வரும்போது மக்கள் உற்சாகமடைவதை அவர் கவனித்தார். அதே இசைத்தட்டில் இரண்டை வாங்கி, இரண்டு இயந்திரங்களில் வைத்தார். ஒன்றில் அந்தப் பகுதி முடியும்போது மற்றதில் அதையே தொடங்கினார். சில விநாடி இசை பல நிமிடமாக நீண்டது.

இப்படிப்பட்ட விருந்துகளில் ஒலித்ததைக் கெசட்டில் பதிந்து விற்கத் தொடங்கினார்கள். பின்னர் டீ.ஜே.க்கள் வீட்டிலிருந்தே பாட்டுகளைத் தொடுத்துக் கெசட் செய்தார்கள். அதற்குத்தான் 'மிக்ஸ்டேப்' என்று பெயர். கெசட் போய் சீடி வந்தது. சீடியும் போய் இணையம் வந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

நமக்கும் இது முற்றிலும் புதிதல்ல. 1980களிலும் 90களிலும் நம் ஊர்களில் 'ரெக்கோடிங் பார்' இருந்தது அல்லவா? வெற்றுக் கெசட் ஒன்றையும் பாட்டுப் பட்டியல் ஒன்றையும் கொடுத்துவிட்டு வந்தால், பதிந்து வைத்திருப்பார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே பட்டியல் வாடிக்கையாளருடையது. மிக்ஸ்டேப்பில் பட்டியல் டீ.ஜே.யுடையது. எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு வரவேண்டும், இரண்டின் தாள வேகத்தையும் எப்படி ஒன்றாக்குவது, பெயர் பெற்ற பாடகர்களுக்கு நடுவே பெயர் தெரியாத ஒருவரை எந்த இடத்தில் நுழைப்பது – இதெல்லாம் அவருடைய வேலை. ஆயிரம் பாட்டைக் கேட்டு இருபதைத் தெரிவுசெய்யும் காது அதற்கு வேண்டும். பொறுமையும் பயிற்சியும் வேண்டும். "சும்மா பட்டனைத் தட்டுகிறான்" என்று யாரும் சொன்னால் அது நியாயமல்ல.

கொடுத்ததும் அவர்கள், பிடித்ததும் அவர்கள்

இனித்தான் சிக்கல் வருகிறது. தொடுக்கும் திறமை டீ.ஜே.யுடையது, தொடுக்கப்படும் பாட்டோ வேறொருவருடையது. எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், பணம் போட்டுப் பதிந்த கம்பனி என்று ஒவ்வொரு பாட்டுக்கும் பல சொந்தக்காரர்கள் உண்டு. மிக்ஸ்டேப் செய்தவர்களில் பெரும்பாலானோர் இவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கவில்லை.

ஆனால் கம்பனிகள் பல வருடங்களாகக் கண்டும் காணாமல் இருந்தன. காரணம், அவர்களுக்கே அதில் இலாபம் இருந்தது. '50 சென்ட்' என்ற பாடகரை எடுத்துக்கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டில் அவர் சுடப்பட்டார். அவரோடு ஒப்பந்தம் செய்திருந்த கம்பனியும் அவரைக் கைவிட்டது. மிக்ஸ்டேப்புகளின் மூலமே அவர் மீண்டும் பெயர் எடுத்தார். 2003இல் வெளிவந்த அவருடைய இசைத் தொகுப்பு இலட்சக் கணக்கில் விற்பனையானது. இதைக் கண்ட கம்பனிக்காரர்கள் வெளிவராத பாட்டுகளைத் தாங்களாகவே டீ.ஜே.க்களிடம் கொடுக்கலானார்கள். செலவில்லாத விளம்பரம் யாருக்குத்தான் கசக்கும்? எல்லாம் வாய்ச்சொல்லில் நடந்தது. கையெழுத்து இல்லை, கடிதம் இல்லை.

2007 ஜனவரி 16ஆம் திகதி, அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், 'டீ.ஜே. டிராமா' என்று அழைக்கப்படும் டைரி சிமன்ஸின் அலுவலகத்துக்குள் ஆயுதம் தரித்த அதிகாரிகள் நுழைந்தார்கள். அந்தக் காலத்தில் மிக்ஸ்டேப் உலகில் மிகப் பெயர்பெற்றவர் அவர். அவரும் கூட்டாளி டொன் கெனனும் கைதானார்கள். ஏறத்தாழ 81,000 சீடிகள் எடுத்துச் செல்லப்பட்டன. ஒலிப்பதிவுக் கம்பனிகளின் சங்கமும் அந்தச் சோதனைக்குத் துணை நின்றது. திட்டமிட்ட குற்றக் கும்பல்களுக்கு எதிராக இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் அவர்கள்மீது குற்றம் சுமத்தப்பட்டது.

சகோதரிகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாட்டைக் கொடுத்தவர்களும் கம்பனிக்காரர்கள்; பிடிக்கத் துணை நின்றதும் கம்பனிகளின் சங்கம். "நீங்கள்தானே தந்தீர்கள்" என்று காட்ட டீ.ஜே.யிடம் ஒரு துண்டுக் காகிதம் இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

அதே 2007 டிசம்பரில் அதே டிராமா, அட்லாண்டிக் என்ற பெரிய கம்பனியின் மூலம் ஒப்பந்தத்தோடு தன் தொகுப்பை வெளியிட்டார். அது கடைகளில் பகிரங்கமாக விற்கப்பட்டது. 2021இல் டைலர் த கிரியேட்டர் என்பவர், பழைய மிக்ஸ்டேப்புகளின் பாணியில் டிராமாவின் குரலையும் சேர்த்து ஒரு தொகுப்பு வெளியிட்டார். 2022இல் அதற்குச் சிறந்த ராப் தொகுப்புக்கான கிராமி விருது கிடைத்தது. அதே ஆள், அதே கைவேலை. ஜனவரியில் விலங்கு, டிசம்பரில் விற்பனை. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு கையெழுத்துத்தான்.

நம்மவர் ஒருவரின் கதை

'எம்.ஐ.ஏ.' என்ற பெயரில் புகழ்பெற்ற மாதங்கி அருள்பிரகாசம் 1975இல் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, யுத்த காலத்தில் மீண்டும் லண்டனுக்குப் போன தமிழ்ப் பெண். 2004இல் அவரும் டிப்லோ என்ற அமெரிக்க டீ.ஜே.யும் சேர்ந்து ஒரு மிக்ஸ்டேப் செய்தார்கள். அவருடைய குரலின் கீழே மற்றவர்களின் பாட்டுகளை அனுமதியின்றித் தொடுத்திருந்தார்கள். ஆகவே அதை முறைப்படி கடையில் விற்க முடியவில்லை; கைக்குக் கையாகத்தான் பரவியது. பெயர் கிடைத்தது.

பிறகு அவர் முறையாகத் தொகுப்புகளை வெளியிட்டார். 2005இல் வந்த முதல் தொகுப்புக்குத் தகப்பனின் பெயர், 'அருளர்'. 2007இல் வந்த இரண்டாவதற்குத் தாயின் பெயர், 'கலா'. அதிலுள்ள 'பேப்பர் பிளேன்ஸ்' என்ற பாட்டு, 'த கிளாஷ்' என்ற குழு 1982இல் வெளியிட்ட ஒரு பாட்டின் இசைத் துண்டை வைத்துக் கட்டப்பட்டது. இந்த முறை அந்தக் குழுவினரின் பெயர்களும் பாட்டை இயற்றியவர்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அந்தப் பாட்டு உலகெங்கும் விற்பனையானது. கிராமி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. அடுத்தவர் பெயரைப் போட்டதால் அவருடைய பெயர் குறைந்துவிடவில்லை.

நமது சட்டமும் மார்க்கமும்

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. ஒரு படைப்பின் பொருளாதார உரிமை, படைத்தவரின் ஆயுட்காலம் முழுவதும், அவர் இறந்தபின் 70 ஆண்டுகளும் பாதுகாக்கப்படுகிறது. "பழைய பாட்டுத்தானே" என்ற சாக்கு இங்கே செல்லாது.

மார்க்க அறிஞர்களும் இதில் மௌனமாக இருக்கவில்லை. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, நூல் எழுதுதல், புத்தாக்கம் போன்றவற்றின் உரிமைகள் ஷரீஅத்தில் மதிக்கப்படும் உரிமைகளே. அவற்றை மீறுவது கூடாது என்று தீர்மானித்தது. அடியார்களின் ஹக்குகளில் இதுவும் ஒன்று. அத்துடன், குர்ஆனின் மிக நீண்ட ஆயத்து எதைப் பற்றியது என்று உங்களுக்குத் தெரியும். கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள், சாட்சி வையுங்கள் என்பதுதான் சூரத்துல் பகராவின் 282ஆவது ஆயத்தின் விஷயம்.

மலையகத்துக் கடைகளில் இதை நாம் நாளாந்தம் பார்க்கிறோம். சம்பள நாள்வரை தோட்டத்துச் சனங்களுக்குக் கொடுக்கும் அரிசிக்கும் மாவுக்கும் கடன் கொப்பி இருக்கிறது. லொறியில் ஏற்றும் உருளைக்கிழங்கு மூட்டைக்கும் துண்டு இருக்கிறது. ஒரு கிலோ பருப்புக்கு எழுதி வைக்கும் நாம், பிள்ளையின் தொழிலுக்கு எழுத்து வேண்டாம் என்று இருக்கலாமா?

பிள்ளையிடம் கேளுங்கள்

ஆகவே, மகனோ மகளோ இப்படியொரு வேலையில் இறங்குவதாகத் தெரிந்தால், பக்கத்தில் உட்காருங்கள். செய்ததைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு அமைதியாக நான்கு கேள்விகள் கேளுங்கள்:

இதில் உன்னுடையது எது, மற்றவருடையது எது?

மற்றவருடையதற்கு அவர் சம்மதித்தாரா?

அந்தச் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா?

காசு வந்தால் யாருக்கு எவ்வளவு?

பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை தன் தொழிலை அறிந்த பிள்ளை. தெரியாவிட்டால், அவன் தேடிப் பதில் கொண்டுவரும்வரை இணையத்தில் ஏற்றாமல் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். சொந்தமாகத் தாளம் அமைத்துப் பழகவும், உரிமையாளர்களே பயன்படுத்த அனுமதித்து வெளியிட்ட ஒலிகளைத் தேடி எடுக்கவும் இன்று வழிகள் உண்டு. ஒலிப்பதிவு, ஒலித் திருத்தம் போன்றவற்றில் பழகிய காது, உரைகளையும் பாடங்களையும் செம்மையாகப் பதிந்து கொடுக்கும் வேலைக்கும் உதவும்.

இந்த நான்கு கேள்விகளும் டீ.ஜே.க்கு மட்டும் உரியவை அல்ல. தையல் மாதிரியைப் பிரதி எடுத்து விற்கும் மகளிடமும், அடுத்தவர் படத்தை எடுத்துத் தன் கடை விளம்பரத்தில் போடும் மகனிடமும் இவற்றையே கேட்கலாம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கைத்திறனில் பரக்கத் செய்வானாக! அடுத்தவர் ஹக்கு கலவாத ரிஸ்க்கை அவர்களுக்குத் தருவானாக! ஆமீன்.