அக்கா மகனின் 2,000 ரிங்கிட்

"மாமா, லிஸ்ட் அனுப்பியிருக்கேன், பாத்தீங்களா?"

இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவு. அனுப்பியவன் அக்கா மகன். எஸ்பிஎம் எழுதி முடித்த கையோடு ஒரு மினி மார்க்கெட்டில் மூன்று மாதம் அரிசி மூட்டை தூக்கி 2,000 ரிங்கிட் சேர்த்திருக்கிறான். அந்தப் பணத்தில் ஒரு கேமிங் கணினி வேண்டுமாம். திரைக்கு மட்டும் செலவில்லை, வீட்டில் சும்மா கிடக்கும் என் 22 அங்குலத் திரையைத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

அக்காவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. "மேல்படிப்புக்கு வச்சுக்கடான்னா கேக்கமாட்டேங்கிறான். நீயாச்சும் சொல்லு தம்பி" என்றார். நான் சொல்லவில்லை. அவன் உழைத்த காசு, அவன் ஆசை. ஆனால் அந்தக் காசு வீணாகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பட்டியலைப் பார்த்தேன். முதல் வரியே கண்ணாடி போட்ட, வண்ண விளக்கு எரியும் கேசிங், 320 ரிங்கிட். அடுத்தது செகண்ட் ஹேண்ட் ஐ7. அதன் பிறகு 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. கடைசி வரியில் 'பவர் சப்ளை, எதுன்னாலும் ஓகே' என்று எழுதியிருந்தான்.

அந்தக் கடைசி வரியில்தான் எனக்கு வயிறு கலங்கியது.

கல்லூரியில் ஊடகத்துறை இறுதியாண்டு படித்தபோது நானும் இப்படித்தான் மலிவாக ஒரு கணினி சேர்த்தேன். பவர் சப்ளை கேசிங்குடன் இலவசமாக வந்தது. ஒரு மாலை 'டப்' என்று ஒரு சத்தம், கருகிய வாடை. மதர்போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் அதோடு போயின. என் இறுதியாண்டு வானொலி ஆவணத்துக்காக, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய கதையைப் பாட்டி இரண்டு மணி நேரம் பேசிப் பதிவு செய்திருந்தேன். அதற்கு வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. கணினி பிறகு வேறு வாங்கினேன். பாட்டியின் குரல் திரும்பக் கிடைக்கவில்லை.

அதனால் பட்டியலைக் கீழிருந்து மேலாகத் திருத்தத் தொடங்கினோம். பவர் சப்ளைக்கு 210 ரிங்கிட் ஒதுக்கினோம்: 550 வாட், ஐந்தாண்டு உத்தரவாதம். பெட்டியில் '80 பிளஸ்' முத்திரை இருந்தாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் பயன்படுகிறது என்பதை மட்டுமே சொல்லும். உள்ளே இருக்கும் பாகங்களின் தரத்துக்கு அது சான்றிதழ் அல்ல. உத்தரவாத காலத்தைப் பார்த்து வாங்குவதே எனக்குத் தெரிந்த எளிய வழி.

கேசிங் 110 ரிங்கிட். விளக்கு இல்லை, காற்று போக வர வழியும் இரண்டு விசிறிகளும் உண்டு. பையன் முகம் தொங்கிவிட்டது.

ஐ7 விஷயத்தில்தான் நீண்ட வாக்குவாதம். "மாமா, ஐ7 பெருசா, ஐ3 பெருசா?" என்று கேட்டான். அவன் பார்த்தது 2012-இல் வந்த ஐ7-3770. நான் சொன்னது 2022-இல் வந்த ஐ3-12100எஃப். இரண்டிலும் நான்கு கோர்தான், ஆனால் நடுவில் பத்தாண்டு இடைவெளி. புதிய ஐ3 அந்தப் பழைய ஐ7-ஐத் தாராளமாக முந்தும். அந்த ஐ7-ஐ விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதுமில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. கடைக்காரர்கள் 'ஐ7' என்ற எழுத்தைப் பெரிதாக ஒட்டி விற்பார்கள், தலைமுறை எண்ணைக் கேட்டால்தான் சொல்வார்கள்.

பெயரின் கடைசியில் உள்ள 'எஃப்' எழுத்தையும் கவனிக்க வேண்டும். உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். கார்டை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அதுவரை திரையில் ஒன்றும் வராது. பணம் இன்னும் குறைவாக இருந்தால் ரைசன் 5 5600ஜி வாங்குவது புத்திசாலித்தனம். கார்டே இல்லாமல் வேலோரண்ட், டோட்டா 2 ஆடலாம், கார்டைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். இவனுக்கோ பெரிய விளையாட்டுகள் மீது கண்.

ஒரு சனிக்கிழமை மோனோரயிலில் இம்பியில் இறங்கி லோயாட் பிளாசாவுக்குப் போனோம். மூன்று நான்கு கடைகளில் விலைப்பட்டியல் வாங்கி ஒப்பிட்டோம். மதர்போர்டில் ஒரு பொறி இருந்தது. ஏறக்குறைய ஒரே பெயரில் டிடிஆர்4 ரேமுக்கு ஒன்று, டிடிஆர்5-க்கு ஒன்று. மாற்றி வாங்கினால் ரேம் பொருந்தவே பொருந்தாது. ரேமையும் 16 ஜிபி ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்கினோம். இரண்டு வழியாகத் தரவு ஓடும்போது விளையாட்டில் வேகம் கூடும். ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரு உறையில் போடச் சொன்னேன். கடையோடு தகராறு வந்தால் 5 ரிங்கிட் கட்டி பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்துக்குப் போக அதுதான் ஆதாரம்.

கார்டு மட்டும் செகண்ட் ஹேண்ட். 4 ஜிபி கார்டுக்குப் பதிலாக 8 ஜிபி உள்ள ஆர்எக்ஸ் 6600, 560 ரிங்கிட். கிள்ளானில் விற்றவர் வீட்டிலேயே கணினியில் மாட்டி, ஒரு விளையாட்டைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, விசிறிச் சத்தம் கேட்டு, திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா என்று பார்த்த பிறகே காசு கொடுத்தோம். தனிநபரிடம் வாங்கும்போது நடுவர் மன்றமெல்லாம் உதவாது.

எல்லாம் சேர்த்து, கீபோர்டு மவுஸ் உட்பட, 1,870 ரிங்கிட்.

ஞாயிறு மாலை யூடியூபைப் பார்த்துப் பார்த்து அவனே பூட்டினான். பொத்தானை அழுத்தினான். விசிறி சுற்றியது, திரை கறுப்பு. அவன் கண்ணில் நீர் முட்டிவிட்டது. எனக்கும் அந்தக் கருகிய வாடை நினைவுக்கு வந்தது. பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். திரையின் கம்பியைக் கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருந்தான். மாற்றியதும் படம் வந்தது.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா கேட்டார்: "ஏன்டா, இவ்வளவு காசு போட்டியே, இதுல லைட்டு ஒண்ணும் எரியாதா?"