ஆமைக்கு எந்த இலை?

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்பது நம் பக்கத்துப் பழமொழி. கடனுக்காகப் பொருள்களை ஜப்தி செய்ய வரும் நீதிமன்ற ஊழியர்தான் அமீனா. ஆமைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று நான் சிரித்ததுண்டு. சென்ற ஆண்டு ஐப்பசி மாதம் ஒரு மாணவி கேட்ட கேள்வி அந்தச் சிரிப்பை நிறுத்திவிட்டது.

பாகூருக்கு அருகே ஒரு கிராமத்திலிருந்து கல்லூரிக்கு வரும் முதலாண்டு மாணவி அவள். "சார், எங்க வீட்டுல ஒரு ஆமை இருக்கு. மாமா யார்கிட்டயோ வாங்கிட்டு வந்தாரு. தோட்டத்துச் செடியில எதைக் கொடுக்கலாம்?" என்று கேட்டாள். கையிலிருந்த துணிப்பையில் ஆறு வகை இலைகள் இருந்தன.

நான் இயற்பியல் ஆசிரியன். இலையைப் பற்றிக் கேட்டால் எனக்கு என்ன தெரியும்? அவளைத் தாவரவியல் துறை நண்பரிடம் அழைத்துச் சென்றேன். அவர் இலைகளை மேசைமேல் பரப்பி, இரண்டு கூறாகப் பிரித்தார். செம்பருத்தி, அறுகம்புல், சப்பாத்திக்கள்ளி மடல் ஆகியவை ஒரு பக்கம். செவ்வரளி, நந்தியாவட்டை, திருகுகள்ளி ஆகியவை மறுபக்கம்.

"இந்த மூன்றில் எதையாவது கொடுத்துவிட்டாயா?" என்று அவர் கேட்டார்.

"இல்லீங்க சார். அரளியை நாளைக்குக் கொடுக்கலாம்னு இருந்தேன். சாமிக்குப் போடுற பூதானே?"

நண்பர் பெருமூச்சு விட்டார்.

சாமிக்கு ஆகும், வயிற்றுக்கு ஆகாது

வில்லியனூர், பாகூர் வட்டாரத்து வீடுகளில் செம்பருத்தியும் அரளியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். இரண்டின் பூவும் பூசைக்குரியவை. செம்பருத்தியின் இலையையும் பூவையும் ஆமைக்கு அச்சமின்றிக் கொடுக்கலாம். அரளியிலோ இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே நஞ்சு. காய்ந்த இலையிலும் நஞ்சு போவதில்லை.

அந்த நஞ்சின் பெயர் ஒலியாண்ட்ரின். இதயத்தின் ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் நுண்ணிய பம்பு ஒன்று உண்டு. ஒலியாண்ட்ரின் அந்தப் பம்பை முடக்கிவிடுகிறது. இதயத்தின் துடிப்பு தாளம் தவறுகிறது. கத்தரித்துப் போட்ட அரளிக் கிளையை மேய்ந்து ஆடுமாடுகள் இறப்பது இதனால்தான். எருக்கிலும் மஞ்சள் அரளியிலும் இதே இனத்தைச் சேர்ந்த நஞ்சுகள் உள்ளன. ஊமத்தை நரம்பு மண்டலத்தைத் தாக்கும். வேலியோரத்து உண்ணிச்செடி கல்லீரலைக் கெடுக்கும்.

மூன்று தவறான சோதனைகள்

"நஞ்சா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டால், மாணவர்கள் வழக்கமாக மூன்று சோதனைகளைச் சொல்வார்கள்.

முதலாவது, "பூச்சி தின்கிறதே, அப்படியானால் நல்லதுதானே?" என்பது. எருக்கிலையைப் பாருங்கள். ஒரு வகை வண்ணத்துப்பூச்சியின் புழு அதையே தின்று கொழுக்கிறது. அந்த நஞ்சைத் தாங்கும் உடல் அதற்கு வாய்த்திருக்கிறது. நமக்கோ ஆமைக்கோ அது வாய்க்கவில்லை.

இரண்டாவது, "வேறொரு பிராணி தின்கிறதே!" என்பது. சில முயல்களின் உடலில் அட்ரோபின் என்ற நஞ்சைச் சிதைக்கும் நொதி உண்டு. மனிதனைச் சாய்க்கும் இலையை அவை தின்றுவிட்டுத் துள்ளி ஓடும். ஆகவே, ஒரு பிராணிக்கு உணவாவது இன்னொன்றுக்கு நஞ்சாகலாம்.

மூன்றாவது, "கிள்ளினால் பால் வந்தால் நஞ்சு" என்பது. அரளி, எருக்கு, திருகுகள்ளி ஆகியவற்றுக்கு இது பொருந்தும். ஆனால் முசுக்கொட்டையிலும் பால் உண்டு; அதன் இலை ஆமைக்கு நல்ல உணவு. ஊமத்தையில் பாலே இல்லை. அதுவோ கொடிய நஞ்சு! பாலைக் கண்டால் எச்சரிக்கை கொள்ளலாம். அதையே தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது.

பெயர் தெரிந்தால் பாதி தெரிந்தது

அப்படியானால் எதுதான் சரியான வழி? செடியின் சரியான பெயரைக் கண்டறிவதே வழி. மாணவியின் பையில் இரண்டு "கள்ளி"கள் இருந்தன அல்லவா? சப்பாத்திக்கள்ளி கற்றாழையைப் போலத் தடித்த மடல் கொண்டது. முள்ளை நீக்கிவிட்டால் ஆமைக்கு விருந்து. திருகுகள்ளி ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பெயரில் மட்டும்தான் இரண்டும் உறவு. "அரளி"யும் அப்படியே. செவ்வரளியும் மஞ்சள் அரளியும் வெவ்வேறு பேரினங்கள்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753-இல் ஒவ்வொரு செடிக்கும் இரண்டு சொல்லில் பெயர் சூட்டும் முறையை நிலைநாட்டினார். அவர் செவ்வரளிக்கு இட்ட பெயர் நீரியம் ஒலியாண்டர். உலகின் எந்த மூலையில் இந்தப் பெயரைச் சொன்னாலும் அந்த ஒரு செடிதான். இலை அடுக்கு, பூவின் இதழ், காய் ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் பெயரை உறுதி செய்ய வேண்டும். 1955-இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், இவ்வாறு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே உலர்த்திய செடிகளின் தொகுப்பு ஒன்று இருக்கிறது.

நஞ்சில்லை, அது மட்டும் போதுமா?

மறுநாள் மாணவி கைப்பேசியில் ஆமையின் படத்தைக் காட்டினாள். கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் விண்மீன்போல் விரிந்திருந்தன. ஆம், அது நட்சத்திர ஆமை! சமையலறை மூலையில் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, சோறும் தக்காளியும் முளைக்கீரையும் கொடுத்து வந்தார்களாம். "ஓடு அமுக்கினா லேசா அமுங்குது சார்" என்றாள்.

இங்கேதான் என் பாடம் உள்ளே வந்தது. ஆமையின் ஓடு எலும்பாலானது. எலும்புக்குக் கால்சியம் வேண்டும். உணவில் பாஸ்பரஸைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கால்சியம் இருப்பது நல்லது. சோற்றில் நிலைமை தலைகீழ். முளைக்கீரையில் கால்சியம் உண்டு. ஆனால் அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே நமக்கு நல்லதான கீரை ஆமைக்கு அன்றாட உணவாகாது. புல்லும் நார் மிகுந்த இலையும்தான் அதற்கு ஏற்றவை.

கால்சியம் குடலிலிருந்து உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். சூரிய ஒளியில் ஏறக்குறைய 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர்கள் தோலில் படும்போது அது உருவாகிறது. சன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும். இந்தக் கதிர்களைத் தடுத்துவிடும். சமையலறை மூலையிலிருந்த ஆமைக்கு இலையும் சரியில்லை, வெயிலும் இல்லை. ஓடு ஏன் உறுதியாகும்?

அமீனா வரும் முன்பே

இன்னொன்றையும் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. நட்சத்திர ஆமையைப் பிடிப்பதும், விற்பதும், வீட்டில் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையும் 2019-இல் இதைத் தன் முதல் பட்டியலில் சேர்த்து, நாடு விட்டு நாடு விற்பதைத் தடுத்தது. தமிழ்நாட்டுப் புதர்க்காடுகளில் வாழும் இந்தப் பிராணி, அதன் அழகினாலேயே திருடப்படுகிறது. வாங்குபவர் இருக்கும்வரை பிடிப்பவரும் இருப்பார்.

"அப்ப வயல்ல விட்டுடலாமா சார்?" என்றாள். அதுவும் தவறு. எந்தக் காட்டில் பிடிபட்டதோ தெரியாது. அதன் உடலில் என்ன நோய் இருக்கிறதோ, அதுவும் தெரியாது. வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை. மாமா முதலில் பயந்தார். பிறகு மகளைப்போல் வளர்த்த மருமகளின் சொல்லைக் கேட்டார். அந்த வாரமே ஆமை வனத்துறையின் கைக்குச் சென்றது.

ஆமைகளை உயிரோடு பார்க்க விரும்பினால், மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் 1976-இல் அமைந்த முதலைப் பண்ணைக்குப் போய் வாருங்கள். அங்கே அல்டாப்ரா தீவின் பெரிய ஆமைகளையும் காணலாம்.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் ஆமை இருக்கக் கூடாது. ஆடும் மாடும் முயலும் இருக்கலாம். அவற்றுக்காகத் தோட்டத்துச் செடிகளின் கணக்கை எடுங்கள். ஒவ்வொன்றிலும் இலையும் பூவும் உள்ள சிறு கிளையைப் பழைய செய்தித்தாளில் அழுத்தி உலர்த்துங்கள். தாளில் ஒட்டி, ஊர்ப்பெயர், தாவரவியல் பெயர், யாருக்கு உணவு, யாருக்கு நஞ்சு என்று எழுதுங்கள். பெயர் உறுதியாகாத செடிக்கு எதிரே "கொடுக்காதே" என்று எழுதுங்கள். பாலுள்ள செடியைப் பெரியவர் துணையின்றித் தொட வேண்டாம். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அந்த மாணவியின் குறிப்பேட்டில் இப்போது நாற்பத்திரண்டு செடிகள் இருக்கின்றன. முதல் பக்கத்தில் இருப்பது அரளி.