எண்ணெய்க்குள் ஆவியில் வேகும் மீன்

எண்ணெய்ச் சட்டியில் கிடக்கும் மீனைக் காட்டி, இது ஆவியில் வேகிறது என்றால் நம்பத் தோன்றாது. மாவில் தோய்த்துப் பொரிக்கும் தெம்புராவைச் செய்யும் ஜப்பானியச் சமையல்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். இயற்பியலும் அவர்கள் பக்கம்தான். எண்ணெய் 180 டிகிரி செல்சியஸ் அளவில் காய்ந்திருக்கிறது. மாவில் தோய்த்த மீனை விட்டதும், மேல்மாவிலுள்ள நீர் ஆவியாகிச் சீறி வெளியேறுகிறது. அது விட்டுப்போன நுண்துளைகளில் சிறிது எண்ணெய் புக, மாவு மொறுமொறுப்பாகிறது. உள்ளே இருக்கும் மீனிலோ ஈரம் இருக்கும்வரை வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. தன் நீரிலேயே அது வெந்துவிடுகிறது.

ஆகவே மேல்மாவில்தான் சூட்சுமம். பஜ்ஜிக்குக் கடலைமாவை எவ்வளவு அடித்துக் கரைத்தாலும் கெடுவதில்லை. அதில் குளூட்டன் கிடையாது. தெம்புராவுக்குக் கோதுமை மாவு. தண்ணீர் சேர்த்துக் கலக்கக் கலக்க அதன் புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இழுவையாகிவிடும். பொரித்தால் கனத்த, எண்ணெய் குடித்த தோல்தான் கிடைக்கும். அதனால் புரதம் குறைந்த மாவு, முட்டை, ஐஸ் போட்டுக் குளிரவைத்த நீர். தடித்த கோல்களால் சில சுற்று, அவ்வளவே. ஆங்காங்கே மாவு கட்டிகட்டியாகத் தெரிந்தாலும் விட்டுவிடுவார்கள். கரைத்த மாவைக் காக்கவைப்பதும் இல்லை. தீரத் தீரப் புதிதாகக் கரைக்கிறார்கள்.

சில நூற்றாண்டுகளுக்கு முன், எடோ காலத்தில், தெம்புரா தெருவோரக் கடைகளில் குச்சியில் செருகி விற்ற மலிவான பண்டம். இன்று அது எங்கே வந்து நிற்கிறது என்று பார்க்க ஷிசுவோகா நகருக்குப் போகலாம். அங்குள்ள நருசே என்ற உணவகம் சுருகா விரிகுடாவின் மீன்களுக்காகவே பேர்பெற்றது. ஃபூஜி மலைக்குத் தெற்கே விரியும் அந்த விரிகுடாவின் ஆழம் சுமார் 2,500 மீட்டர். ஜப்பானின் விரிகுடாக்களிலேயே ஆழமானது. கரையை விட்டு அதிகத் தூரம் போகாமலே ஆழ்கடல் மீனும் கிடைத்துவிடும்.

உள்ளூர் மீன் என்பது இங்கே வெறும் ஊர்ப்பெருமை இல்லை. நாள்பட்ட மீனின் தசை தளர்ந்து நீரைக் கசியவிடும். அந்த நீர் உள்ளிருந்தே மேல்மாவை நனைத்தால் எந்தக் கைப்பக்குவமும் அதைக் காப்பாற்றாது. பிடித்த மீனை உடனே கொன்று, இரத்தம் வடித்து, தண்டுவடத்தில் கம்பி செலுத்தி நரம்பைச் செயலிழக்கச் செய்வது ஜப்பானிய முறை. தசை விறைப்பதும் பிறகு தளர்வதும் இதனால் தள்ளிப்போகும். ஈரம் மிகுந்த மீன் என்றால் உப்புத் தூவி நீரைக் கொஞ்சம் இழுத்துவிடுவார்கள்.

இத்தகைய உணவகங்களில் சமையல்காரருக்கு எதிரேதான் இருக்கை. வழக்கமாக முதலில் இறால் வரும். நம் கிழங்கானுக்கு நெருங்கிய உறவான கிசு, கடல்விலாங்கு என்று வரிசை நீளும். சமையல்காரர் கண்ணோடு காதையும் நம்பி வேலை செய்கிறார். நீர் குறையக் குறையக் குமிழிகள் சிறுக்கின்றன, சத்தம் மெலிகிறது. எடுக்கும் நேரம் அதில் தெரியும். தட்டில் வைத்ததும் சாப்பிட்டுவிட வேண்டும். உள்ளே அடங்கிய ஆவி, பேச்சு முடியும்வரை காத்திருக்காமல் மேல்மாவை நனைக்கத் தொடங்கிவிடும்.

சுருகாவின் பெருமை சகுரா எபி. நான்கைந்து சென்டிமீட்டர் நீளமுள்ள இளஞ்சிவப்பு இறால். 1894இல் விரிகுடாக் கரையிலுள்ள யுய் ஊர் மீனவர்கள் மிதவைகள் இல்லாமல் வலையை இறக்கிவிட, அது ஆழத்துக்குப் போய் இந்த இறாலை அள்ளி வந்தது. தொழில் அங்கேதான் பிறந்தது. இரவில் இறால் மேலே ஏறி வரும்போது இரண்டு படகுகள் சேர்ந்து வலை இழுக்கின்றன. வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் மட்டுமே அனுமதி. வரத்து சரிந்த 2018இல் மீனவர்கள் தாங்களாகவே இலையுதிர்காலப் பருவத்தைக் கைவிட்டார்கள். ஒரு பருவ வருமானத்தை விட்டுக்கொடுப்பது எளிதல்ல. அந்தக் கட்டுப்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

இந்த இறாலைக் கைப்பிடி அளவு சேர்த்து, மாவு பட்டும் படாமலும் ஒன்றாகப் பொரிப்பது கக்கியாகே. தெம்புரா விருந்துகள் பெரும்பாலும் கக்கியாகேயில்தான் முடிகின்றன: சோற்றின் மேல் அதை வைத்து, சூடான தேநீரை ஊற்றியும் சாப்பிடுவார்கள். மேல்மாவு ஊறி, எண்ணெயின் மணமும் இறாலின் இனிப்பும் தேநீரில் இறங்கிவிடும்.