சொற்போரும் சொற்பொறுப்பும்

"என் இயல்பு அத்தகையது, நான் யாது செய்வேன்?" என்னும் கூற்றினை விவாத மேடைகளின் பின்னே நாம் பலகாலும் கேட்டிருக்கின்றோம். மாணவர் மாத்திரமன்றிக் கற்று முதிர்ந்தோரும் இதனையே கூறுவர். தன் இயல்பைத் தான் அறிந்து ஏற்றுக்கொள்ளுதல் நன்றே. ஆயின், அவ்வேற்பு பிறர்க்கு இழைத்த தீங்கிற்கு விடையாகுமோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

திருவள்ளுவர் பொருட்பாலிலே 'அவையறிதல்', 'அவையஞ்சாமை' என்னும் இரண்டு அதிகாரங்களையும் அடுத்தடுத்து வைத்தார். நம் பாடசாலைகளிலே அஞ்சாமைக்குப் பரிசில் வழங்குகின்றோம். அறிதலுக்குப் பரிசில் வழங்கியதை யான் கண்டிலேன். இக்குறை இன்று தோன்றியதன்று. நம் சைவ உலகத்தையே இரு கூறாகப் பிளந்த ஒரு சொற்போரை நினைவுகூர்ந்தால் இது விளங்கும்.

1867ஆம் ஆண்டிலே தொழுவூர் வேலாயுத முதலியார், இராமலிங்க அடிகளின் பாடல்களுள் முதல் நான்கு திருமுறைகளைத் 'திருவருட்பா' என்னும் பெயரால் வெளியிட்டார். தேவார திருவாசகங்களுக்கு உரியனவாகத் தாம் கொண்ட பெயர்கள், தம் காலத்தார் ஒருவரின் பாடல்களுக்கு வழங்கப்படுதலை நல்லூர் ஆறுமுக நாவலர் ஒப்பவில்லை. 'போலியருட்பா மறுப்பு' என்னும் கண்டனம் எழுந்தது. மறுப்புக்கு மறுப்பும் ஏச்சுக்கு ஏச்சும் தொடர்ந்தன. முதலெழுத்தை மாற்றி, 'அருட்பா' அன்று 'மருட்பா' என எள்ளினர். எதிர்க்கட்சியாரும் ஏசுதலிற் குறைந்தாரல்லர். 1869இல் பூசல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. இராமலிங்க அடிகளோ, ஒருவர் மற்றொருவரோடு உரத்துப் பேசக் கேட்டபோது தம் உள்ளம் நடுங்கியதைப் 'பிள்ளைப் பெருவிண்ணப்பத்'திலே குறிப்பிட்டவர். அத்தகையார் பெயராலே அத்துணை உரத்த பேச்சு!

நாவலர் பெருமானை நாம் வணங்குகின்றோம். 1848இல் வண்ணார்பண்ணையிலே அவர் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியிராவிடின், இந்துக் கல்லூரி என்னும் பெயர் இவ்வீழநாட்டில் எழுந்திருக்குமோ என்பது ஐயம். அதனாலேயே ஒன்றைத் தெளிவாகக் கூறுதல் வேண்டும். பெயர் பொருந்தாது என்றது கொள்கை. அதனைக் கூற அவர்க்கு முழு உரிமையும் உண்டு. எள்ளற் சொற்களோ கொள்கையின் பகுதியல்ல. "அச்சினம் சைவப்பற்றின் வெளிப்பாடு" என்று அமைதி கூறிக் கடந்து செல்லுதல் பெரியோரைப் போற்றுதல் ஆகாது. அது நம் சினத்துக்கும் முன்கூட்டியே ஓர் அமைதி தேடிவைத்தலேயாம்.

அப்பூசல் அவ்விருவரோடும் அடங்கவில்லை. இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலே, புலோலி நா. கதிரைவேற்பிள்ளை சென்னையில் மருட்பாக் கட்சியைத் தாங்கி நின்றார். மறைமலையடிகள் அருட்பாக் கட்சியைத் தாங்கினார். கதிரைவேற்பிள்ளையின் மாணவராகிய திரு. வி. கலியாணசுந்தரனார் தம் ஆசிரியர் பக்கம் நின்றார். 1904இல் ஆசிரியர் பொருட்டு நீதிமன்றத்திற் சாட்சி கூறச் சென்றமையால் பரீட்சையை இழந்தார். பள்ளிப் படிப்பும் அத்தோடு முடிந்தது.

பின்னர் அவர் செய்தவை கருதத்தக்கன. 1908இல் தம் ஆசிரியரின் சரித்திரத்தை எழுதினார். 1929இல் 'இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்' என்னும் நூலை எழுதினார். 1944இல் வெளிவந்த 'வாழ்க்கைக் குறிப்புக்க'ளிலே தம் இளமைக் கால நிலையை மறையாது கூறினார். ஆசிரியரையும் கைவிட்டாரல்லர், எதிர்த்த பெரியாரையும் எதிர்த்தபடியே விட்டாரல்லர். தாம் யார் என்பதை ஏற்றுக்கொண்டமையாலன்றோ தாம் நின்ற பக்கத்தை ஒளியாது கூற முடிந்தது?

இதனாற் பெறப்படுவது யாது? தன்னை ஏற்றலும் தன் செயலுக்குப் பொறுப்பேற்றலும் பகையல்ல. முன்னது பின்னதற்கு வாயில். தன் குறையைக் காணவே அஞ்சுபவன் அதனை ஒப்புக்கொள்ளான். ஆயின், வாயிலிலேயே இருந்துவிடுபவனும் வீட்டினுள் புகுந்தவன் ஆகான். இங்கே வழுக்கும் இடங்கள் இரண்டு. இயல்பைக் கேடயமாகப் பிடித்தல் ஒன்று. "யான் பாவி, யான் கீழோன்" என்று ஓயாது புலம்புதல் மற்றொன்று. பின்னது பணிவு போலத் தோன்றும். உண்மையிலே புண்பட்டவனையே புண்படுத்தியவனுக்கு ஆறுதல் கூறுமாறு செய்துவிடும்.

இதனை யான் நூலினால் மாத்திரம் அறிந்தேனல்லேன். ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்திலே, ஒரு விவாத மேடையில் எதிரணியில் நின்ற நண்பரின் கிராமத்து உச்சரிப்பை நடித்துக் காட்டினேன். அவை சிரித்தது, எம் அணி வென்றது. அவர் பின்னர் மேடை ஏறவில்லை. "நகைச்சுவை என் பிறவிக் குணம்" என்று பல்லாண்டு கூறித் திரிந்தேன். என் வகுப்பிலே ஒரு மாணவன் அவ்வாறே மற்றொருவனை நடித்துக் காட்டிய அன்றுதான் எனக்குச் சுட்டது. நண்பரைத் தேடிச் சென்று, "உங்கள் உச்சரிப்பை இகழ்ந்தேன், அது தவறு" என்றேன். "அது பழைய கதை, மாஸ்டர்" என்று கூறித் தேநீர் அளித்தார். மன்னித்தார் என்றே கொள்கின்றேன். எனினும் அவர் பேசாதொழிந்த மேடைகளை யான் மீட்டுக் கொடுக்க இயலவில்லை. மன்னிப்பினால் உறவு மீளும். இழப்பு அனைத்தும் மீளாது.

ஆதலின், செய்யத்தக்கன மூன்று. முதலாவது, இயல்பைப் பற்றிப் பேசாது, செய்த செயலைப் பெயர் சுட்டிக் கூறுதல். இரண்டாவது, அவையிலே செய்த பிழையை இயன்றவரை அவ்வவையிலேயே ஒப்புக்கொள்ளுதல். பலர் முன் இகழ்ந்துவிட்டுத் தனியே வருந்துதல் கணக்கைத் தீர்க்காது. மூன்றாவது, தீங்கு செய்த அக்கருவியாலேயே நன்மை செய்தல். எழுதுகோலாற் புண்படுத்தியவன் எழுதுகோலாலும், நாவினாற் புண்படுத்தியவன் நாவினாலும் ஈடு செய்க.

1925இல் இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பேற்றபின் விபுலாநந்த அடிகள் அதிபராக வீற்றிருந்தது, கோணேசர் மலையடியில் விளங்கும் நம் திருக்கோணமலைக் கல்லூரி. இதன் பழைய மாணவர்காள்! விழா நாளிலே நாம் ஒருங்கு கூடுங்கால், ஒரு காலத்தில் நம் சொல்லாற் குன்றியவரும் அக்கூட்டத்தில் இருத்தல் கூடும். அவரை அடையாளங் கண்டு, அருகிற் சென்று, கூறவேண்டியதைக் கூறுவோமாக.