மூன்றாவதும் பெண்ணா?

மும்பையில் டிராம்பே பக்கம் இருக்கிறது சீத்தா கேம்ப். ஜனதா காலனியில் இருந்த மக்கள் 1976-இல் இங்கே குடியேற்றப்பட்டார்கள். அவர்களில் தமிழர்கள் பலர்.

இங்கே ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவதும் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. “எல்லாம் மருமகள் ராசி” என்கிறார் மாமியார். மருமகள் அழுகிறார். குறை அவரிடமா இருக்கிறது?

உடல் செல்களால் ஆனது. செல் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. அதற்குள் நூல் போன்ற 46 குரோமோசோம்கள் உண்டு. இவை 23 ஜோடிகள். ஜோடியில் ஒன்று தாய் தந்தது. மற்றொன்று தந்தை தந்தது.

செல் இரண்டு விதமாகப் பிரியும்.

முதல் விதம் மைட்டாசிஸ். மூத்த பெண் குழாயடியில் வழுக்கி விழுந்தாள். முழங்காலில் தோல் உரிந்தது. சில நாளில் புதுத் தோல் வளர்ந்தது. எப்படி? சுற்றியுள்ள செல்கள் ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பிரிந்தன. பிரியும் முன் 46 குரோமோசோம்களுக்கும் நகல் உண்டாகும். அதனால் புதுச் செல்லிலும் 46 இருக்கும். குழந்தை வளர்வதும் இப்படித்தான்.

இரண்டாவது விதம் மியாசிஸ். தமிழில் குன்றல் பிரிவு. தாயின் கருமுட்டையும் தந்தையின் விந்தணுவும் இப்படித்தான் உண்டாகின்றன. இதிலும் நகல் ஒரு முறை உண்டாகும். ஆனால் செல் இரண்டு முறை பிரியும். அதனால் முட்டையில் 23, விந்தணுவில் 23 மட்டுமே இருக்கும். இரண்டும் சேர்ந்தால் மறுபடியும் 46. பாதியாகக் குறையாவிட்டால் குழந்தைக்கு 92 ஆகிவிடும் அல்லவா?

23 ஜோடிகளில் ஒரு ஜோடிதான் ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கிறது. தாயிடம் இருப்பவை எக்ஸ், எக்ஸ். எனவே முட்டையில் எக்ஸ் மட்டுமே இருக்கும். தந்தையிடம் இருப்பவை எக்ஸ், ஒய். அவை பிரியும்போது பாதி விந்தணுக்களுக்கு எக்ஸ் போகும். பாதிக்கு ஒய் போகும். முட்டையுடன் எக்ஸ் சேர்ந்தால் பெண். ஒய் சேர்ந்தால் ஆண்.

ஆகவே தாய் மேல் பழி இல்லை. தந்தை மேலும் இல்லை. எந்த விந்தணு சேரும் என்பது அவர் கையில் இல்லை. இது பூவா தலையா போடுவது போன்றது.

கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க மகாராஷ்டிரம் 1988-இல் சட்டம் கொண்டுவந்தது. 1994-இல் மத்திய அரசும் சட்டம் இயற்றியது. பார்ப்பதும் குற்றம், சொல்வதும் குற்றம்.

மாமியாரும் ஒரு காலத்தில் பெண் குழந்தையாகப் பிறந்தவர்தான். பேத்தியை அவர் மகிழ்ச்சியோடு மடியில் வாங்கிக்கொள்ளட்டும்.